எண்களைத் தந்தவர் யார்?

இளம் அறிவியல் மூன்றாம் ஆண்டு, புள்ளியியல்

புள்ளியியல் மாணவர் பெரும்பாலோர் ஐரிஸ் மலர் அட்டவணையை ஒருமுறையேனும் சந்தித்திருப்பர். செட்டோசா, வெர்சிகலர், வெர்ஜினிகா என மூன்று இனங்கள். இனத்துக்கு 50 வீதம் 150 மலர்கள். ஒவ்வொன்றிலும் புல்லி இதழின் நீளம், அகலம், அல்லி இதழின் நீளம், அகலம் என நான்கு அளவுகள். ஆக 600 எண்கள். ஆய்வுத் தரவு மேலாண்மைப் பாடத்தில் எங்களுக்கு முதலில் வந்து வாய்த்ததும் இதுதான். ‘ஃபிஷரின் ஐரிஸ் தரவு’ என்றே இதற்குப் பெயர் வழங்கி வருகிறது.

ஆனால் அந்த மலர்களை அளந்தவர் ஃபிஷர் அல்லர்; எட்கர் ஆண்டர்சன் என்னும் அமெரிக்கத் தாவரவியல் அறிஞர். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் காஸ்பே என்றொரு தீபகற்பம் உண்டு. அங்கு வளரும் ஐரிஸ் செடிகளைப் பற்றி அவர் 1935இல் ஒரு கட்டுரை எழுதினார். மறு ஆண்டு, 1936இல், ரொனால்டு ஃபிஷர் தாம் வகுத்த இனம் பிரித்தறியும் முறையை விளக்க ஆண்டர்சனின் அளவுகளை எடுத்துக்கொண்டார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. தரவு ஆண்டர்சனுடையது என்பதையும், அதற்குத் தாம் கடமைப்பட்டிருப்பதையும் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார். பெயரைத் தொலைத்தவர்கள் பின்னால் வந்து படியெடுத்தவர்களே.

‘பெயர் போனால் போகட்டும், எண்கள் இருக்கின்றனவே’ என்றார் என் வகுப்புத் தோழர் ஒருவர். நியாயமாகத்தான் தோன்றியது. மூலக் கட்டுரையைத் தேடிப் படித்த பின்புதான் விடை கிடைத்தது. செட்டோசாவும் வெர்சிகலரும் ஒரே இடத்தில் கலந்து வளர்ந்தவை. வெர்ஜினிகா அந்த இடத்து மலரன்று, வேறிடத்துச் சேகரம். இதை ஃபிஷர் வெளிப்படையாகச் சொல்லுகிறார். நம் கைக்கு வரும் வெறும் அட்டவணை சொல்லுவதில்லை. மூன்று இனங்களுக்கும் இடையே காணும் வேறுபாட்டில் மண்ணுக்கும் பருவத்துக்கும் பங்கிருக்கலாமே என்ற ஐயம், மூலத்தைக் காணாதவனுக்கு எழவே எழாது.

இன்னொன்றும் உண்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தார் பேணிவரும் தரவுக் களஞ்சியத்தின் வழியாகவே ஐரிஸ் உலகெங்கும் பரவியது எனலாம். அந்தக் களஞ்சியத்துப் பழைய கோப்பில் 35ஆம் மலரும் 38ஆம் மலரும் ஃபிஷரின் அட்டவணையோடு ஒத்துப்போகவில்லை. 35இல் அல்லி அகலம் 0.2 என்பது 0.1 ஆகிவிட்டது. 38இல் புல்லி அகலம் 3.6 என்பது 3.1 ஆகவும், அல்லி நீளம் 1.4 என்பது 1.5 ஆகவும் மாறிவிட்டன. 600இல் மூன்று எண்கள்! 1999இல் ஐந்து ஆய்வாளர்கள், உண்மையான ஐரிஸ் எது என்று கேட்டே ஒரு கட்டுரை வெளியிட வேண்டியதாயிற்று. இன்று அந்தக் களஞ்சியமே இப்பிழைகளைக் குறித்து வைத்திருக்கிறது. ‘ஐரிஸ் தரவு’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர் எந்தப் படியைக் கையாண்டார் என்பதை யாரால் சொல்ல முடியும்?

தமிழ்த்துறை நண்பர்களுக்கு இது புதிய செய்தியன்று. உ.வே. சாமிநாதையர் தம் பதிப்புகளின் முகவுரைகளில் ஏடு உதவியவர்களின் பெயரையும் ஊரையும் குறித்தார். பாட வேறுபாடுகளையும் காட்டினார். நாங்கள் இப்போது பாடமாகப் படிப்பதை அவர் 19ஆம் நூற்றாண்டிலேயே செய்து வைத்திருக்கிறார்.

இனி, இலவசமாகக் கிடைப்பவை. இலவசம் என்பதால் உரியவர் இல்லை என்றாகாது. கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் அமைப்பு 2002 முதல் பொது உரிமங்களை வெளியிட்டு வருகிறது. அவற்றுள் ‘சிசி பை’ என்பதன்படி ஒருவர் படைப்பை எவரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் ஆக்கியவர் பெயரைச் சொல்ல வேண்டும், மாற்றம் செய்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ‘சிசி ஜீரோ’வில் அந்தக் கட்டாயமும் இல்லை. ஐரிசுக்கு மாற்றாக 2020 முதல் பலரும் கையாளும் பெங்குவின் தரவு இவ்வகையைச் சேர்ந்தது. அண்டார்க்டிகாவின் பால்மர் தீவுக்கூட்டத்தில் 2007 முதல் 2009 வரை அளந்த 344 பறவைகள் அதில் உள்ளன. பெயர் சொல்லாவிட்டால் சட்டம் நம்மைத் தேடி வராது. ஆனால் அளந்தவர் கிறிஸ்டன் கோர்மன். பிறர் பயன்படுத்தத் தக்கவாறு தொகுத்தளித்தவர்கள் அவருடன் ஆலிசன் ஹார்ஸ்ட், ஆலிசன் ஹில். அண்டார்க்டிகாக் குளிரில் பறவையைப் பிடித்து அலகை அளந்தவர்களுக்கு ஒரு வரி ஒதுக்கக்கூடாதா என்ன?

மென்பொருளுக்கும் இதே முறைதான். நாம் ஆய்வகத்தில் கையாளும் ஆர் கட்டற்ற மென்பொருள். ‘சைட்டேஷன்’ என்று ஆணையிட்டால், அதை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்பதை அதுவே எழுதித் தந்துவிடும். எனவே நேரமில்லை என்று சொல்லித் தப்ப வழியில்லை!

நம் திட்டக் கட்டுரைகளின் நன்றியுரைப் பக்கத்தைச் சற்றுப் புரட்டிப் பாருங்கள். இறைவன், பெற்றோர், முதல்வர், துறைத்தலைவர், தட்டச்சு செய்து கொடுத்தவர் என எல்லோரும் இருப்பார்கள். வெயிலில் வினாப்பட்டியலைச் சுமந்து வீடுவீடாக ஏறி இறங்கிய இரண்டாமாண்டுத் தம்பி தங்கையர் மட்டும் ‘மற்றும் நண்பர்கள்’ என்பதற்குள் அடங்கிவிடுவர். ஆய்வுலகம் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. ‘கிரெடிட்’ எனப்படும் முறையில், கருத்துருவாக்கம், களப்பணி, தரவைச் சீர்செய்து பேணுதல், மென்பொருள் எழுதுதல், மேற்பார்வை என 14 பங்குகள் வகுக்கப்பட்டுள்ளன. 2022இல் அது அமெரிக்கத் தர நிர்ணயமாகவும் ஏற்கப்பட்டது. யார் எதைச் செய்தார் என்பதை ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே எழுதிவிட வேண்டும், அவ்வளவே. எங்கள் குழுவின் கட்டுரையில் இவ்வாண்டு அரைப் பக்கம் இதற்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு எச்சரிக்கை. நம் வினாக்களுக்கு விடை சொன்னவர்களின் பெயர் அந்த அரைப் பக்கத்தில் வரலாகாது. தம் வருமானத்தையும் கடனையும் நம்மை நம்பிச் சொன்னவர்கள் அவர்கள். அவர்களுடைய ஊர்ப்பெயரைக்கூட, ஆளை அடையாளம் காட்டிவிடும் என்றால், விட்டுவிடத்தான் வேண்டும். தாளைச் சுமந்தவர்களிடமும் பெயர் போடலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. நாங்கள் கேட்டபோது ஒருவர் வேண்டாம் என்றார்; மற்ற ஐவர் தம் தலைப்பெழுத்தைச் சரியாகப் போடும்படி சொல்லியனுப்பினர்.