மெல்போர்ன் கோப்பை: முதுகில் ஏறும் எடை

நவம்பர் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை மெல்போர்ன் நகருக்கு விடுமுறை. பிளெமிங்டன் மைதானத்தில் அன்று பிற்பகல் அதிகபட்சம் 24 குதிரைகள் 3,200 மீட்டர் ஓடும். 1861 முதல் நடந்துவரும் மெல்போர்ன் கோப்பைப் பந்தயம் இது. எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று கணிப்பவர்கள் வேகத்துக்கு முன்னால் எடையைப் பார்ப்பார்கள்.

இது ஹேண்டிகேப் பந்தயம். எடை நிர்ணயிப்பாளர் ஒவ்வொரு குதிரையின் பழைய ஓட்டங்களையும் ஆராய்ந்து, வலுவானதற்குக் கூடுதல் எடையும் மற்றதற்குக் குறைந்த எடையும் விதிப்பார். ஜாக்கியும் சேணமும் சேர்ந்து அந்த எடை வராவிட்டால், மீதியை ஈயத் தகடுகளால் ஈடுகட்டுவார்கள். எல்லாக் குதிரைகளும் ஒன்றாக எல்லைக் கோட்டைத் தொட வேண்டும் என்பது நிர்ணயிப்பாளரின் இலக்கு. அதனால் திறமை மிகுந்த குதிரை எது என்று கண்டுபிடித்தால் மட்டும் போதாது. அவர் எந்தக் குதிரையைக் குறைத்து எடைபோட்டுவிட்டார் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

எடை என்ன செய்யும் என்பதற்கு ஃபார் லாப் சாட்சி. நியூசிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவின் செல்லப்பிள்ளையான அந்தக் குதிரை, 1930-இல் சுமார் 62.5 கிலோ சுமந்து கோப்பையை வென்றது. மறு ஆண்டு அதன் முதுகில் ஏற்றப்பட்டது 68 கிலோ. எட்டாவதாக வந்தது. ஐந்தரைக் கிலோதான் கூடுதல். அரை டன் எடையுள்ள ஒரு விலங்குக்கு அது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஒவ்வொரு பாய்ச்சலிலும் அந்தச் சுமையைத் தூக்கித் தூக்கி முன்னே எறிய வேண்டும். கடைசி நானூறு மீட்டரில்தான் அதன் விலை தெரியும்.

அந்தக் கடைசிப் பகுதிவரை தாக்குப்பிடிக்க வைப்பது குதிரையின் உள்ளுறுப்புகள். ஃபார் லாப்பின் இதயம் 6.2 கிலோ, கான்பெராவில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. மண்ணீரலின் பங்கு அதைவிட வியப்பானது. ஓய்வில் இருக்கும் குதிரை தன் சிவப்பணுக்களில் பெரும் பகுதியை அங்கே சேமித்து வைத்திருக்கும். ஓடத் தொடங்கியதும் மண்ணீரல் சுருங்கி அவற்றை ரத்தத்தில் கொட்டும். ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் சட்டென்று எகிறும். நாலுகால் பாய்ச்சலில் மூச்சும் காலடியோடு பூட்டப்பட்டுவிடும்: ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு. நினைத்தபோது வேகமாக மூச்சு வாங்கிக்கொள்ள அதனால் முடியாது. எனவே ஆரம்பத்திலேயே குதிரையை விரட்டிவிடாத ஜாக்கியின் நிதானத்துக்கும் மதிப்பெண் போட வேண்டும்.

இந்தத் திறனைக் காகிதத்தில் எப்படிப் படிப்பது? அக்டோபரில் நடக்கும் 2,400 மீட்டர் கால்ஃபீல்ட் கோப்பை நல்ல துப்பு. அதில் வென்ற குதிரையைவிட, கடைசியில் வேகம் கூட்டிக்கொண்டே மூன்றாவதோ நான்காவதோ வந்த குதிரை என் கண்ணுக்கு முக்கியம். நீண்ட தூரம் அதற்கு ஒத்துவரும். வெல்லாததால் எடையும் ஏறியிருக்காது. 1993-இல் அயர்லாந்தின் விண்டேஜ் கிராப் வென்றபின் ஐரோப்பியக் குதிரைகள் ஆண்டுதோறும் வரத் தொடங்கின. வேறு தரையில், வேறு எதிராளிகளோடு ஓடியவற்றை உள்ளூர்க் குதிரைகளோடு ஒப்பிடுவதுதான் கணிப்பில் மிகக் கடினம்.

இப்படிக் கணிப்பது திறமையா, குருட்டு அதிர்ஷ்டமா என்ற கேள்விக்குச் சென்னை வழியாக ஒரு விடை வந்திருக்கிறது. 1974-இல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. அந்த வழக்கில் 1996-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் பெரிதும் திறன் சார்ந்தது என்றது. ஆனால் திறமை உண்டு என்பதாலேயே பணம் வந்துவிடாது. எல்லோருடைய கணிப்பும் ஏற்கெனவே விலையில் கலந்திருக்கும். ஒரு குதிரையின் விலை 5 என்றால், 1 டாலர் கட்டியவருக்கு முதலோடு சேர்த்து 5 டாலர். அதாவது ஐந்தில் ஒரு வாய்ப்பு, 20 சதவீதம். களத்தில் உள்ள எல்லாக் குதிரைகளுக்கும் இப்படிக் கணக்கிட்டுக் கூட்டிப் பாருங்கள், 100-ஐத் தாண்டும். அந்த உபரிதான் பந்தயப் பணம் வாங்கும் புக்கியின் வரும்படி. சராசரியாகப் பந்தயம் கட்டுகிறவர் தோற்றே தீர வேண்டிய ஏற்பாடு இது. வாய்ப்புக் குறைந்த குதிரைகளில் இழப்பு இன்னும் அதிகம். பெரிய தொகைக்கு ஆசைப்பட்டு அவற்றின் தகுதிக்கு மேல் பணம் கட்டுகிறார்கள். 2015-இல் மிஷெல் பெய்ன் ஓட்டிய பிரின்ஸ் ஆஃப் பென்சான்ஸ் ஒன்றுக்கு நூறு என்ற விலையில் வென்றது. கோப்பையை வென்ற முதல் பெண் ஜாக்கி அவர். அந்த வெற்றியைக் கொண்டாடலாம், அதை நம்பி அடுத்த ஆண்டு பணம் கட்டக் கூடாது.

விலைப்பட்டியலில் இல்லாத ஒன்று கால் எலும்பு. குதிரையின் முழங்காலுக்குக் கீழே தசையே கிடையாது, எலும்பும் தசைநாரும்தான். 2020-இல் அதிக எடை சுமந்து ஓடிய ஆன்டனி வான் டைக், கால் முறிந்து கருணைக்கொலை செய்யப்பட்டது. 2021 முதல் வெளிநாட்டுக் குதிரைகளுக்குக் கால் எலும்பு ஸ்கேன் கட்டாயம். 2024-இல் வெல்லும் என்று பலர் நம்பிய யான் புரூகல், ஸ்கேனுக்குப் பிறகு கால்நடை மருத்துவர்களால் நிறுத்தப்பட்டது. பயிற்சியாளர் ஏடன் ஓ'பிரையன் கடுமையாக ஆட்சேபித்தார். அடுத்த ஆண்டே அது இங்கிலாந்தின் எப்சம் மைதானத்தில் கரோனேஷன் கோப்பையை வென்றது. அப்படியும் மருத்துவர்கள் நிறுத்தியதே சரி என்பேன்: அன்று அவர்கள் கையில் இருந்தது அந்த ஸ்கேன் படம், அடுத்த ஆண்டின் வெற்றி அல்ல.