அகில் மரம் நடப் போறீங்களா? மரத்தைப் பார்க்காதீங்க, பிசினைப் பாருங்க!

'ஒரு ஏக்கர்ல அகில் நட்டா போதும், பத்து வருஷத்துல கோடீஸ்வரர்!' இப்படி ஒரு வீடியோ உங்க போனுக்கும் வந்திருக்கலாம். கன்றுக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி, இதைப் படிச்சிடுங்க.

சாகுபுரம், காயல்பட்டினம் பக்கத்துக்காரங்களுக்கு இது சுலபமா புரியும். அந்தக் காலத்தில் தூத்துக்குடிக் கரையில் முத்துச்சிப்பிகளைத் திறக்காமலேயே குவியல் குவியலாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருந்தால் யோகம்; இல்லைன்னா வெறும் ஓடுதான். அகில் மரமும் அதே கதைதான்.

காயம் பட்டாதான் வாசனை

நோயில்லாத அகில் மரத்தின் கட்டை வெளுப்பாக, லேசாக இருக்கும். வாசனை கிடையாது. பூச்சி துளைத்து, பூஞ்சை தாக்கும்போதுதான் மரம் தன்னைக் காத்துக்கொள்ள கருமையான பிசினை உருவாக்குகிறது. அந்தப் பிசின் ஊறிய கட்டைதான் அகில். அரபு நாடுகளில் 'ஊத்'. அசாமில் தண்டுத் துளைப்பான் புழு இந்த வேலையைச் செய்கிறது. தோட்டங்களில் மரத்தில் துளை போட்டு பூஞ்சைக் கரைசலை ஏற்றுகிறார்கள். 1973-ல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் சிப்பிக்குள் கரு வைத்து முத்து வளர்த்ததே, கிட்டத்தட்ட அதே மாதிரி!

மரம் எவ்வளவு பெருசா வளர்ந்திருக்கு என்பது முக்கியமில்லை. பிசின் எவ்வளவு, எப்படிப்பட்டது என்பதுதான் விலை.

லேப்ல என்ன பார்ப்பாங்க?

வியாபாரிகள் கட்டை தண்ணீரில் மூழ்குதா என்று பார்ப்பார்கள். தணலில் போட்டு முகர்வார்கள். எண்ணெயும் சாயமும் ஏற்றிய போலிக் கட்டை இதில் ஏமாற்றிவிடலாம். அதனால்தான் ரசாயனப் பரிசோதனை.

* முதலில், கட்டைத்தூளை ஆல்கஹாலில் ஊறவைத்து எவ்வளவு கரைகிறது என்று பார்க்கிறார்கள். சீன அரசின் மருந்துத் தர நூல் குறைந்தது 10% கேட்கிறது.

* அடுத்து, ஜி.சி-எம்.எஸ் கருவி. ஆவியாகும் வாசனைப் பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அடையாளம் காட்டும். அகிலுக்கே உரிய செஸ்குவிடர்பீன்கள் இருக்கா, ஊத் எண்ணெயில் வேறு எண்ணெய் கலந்திருக்கா என்பது தெரிந்துவிடும்.

* மூன்றாவது, ஹெச்.பி.எல்.சி. எளிதில் ஆவியாகாத குரோமோன்களை அளக்கும். அதில் ஒன்றான அகரோடெட்ரால் குறைந்தது 0.10% இருக்கணும் என்பது அதே சீன நூலின் கணக்கு.

ரிப்போர்ட் நல்லா இருந்தாலே உச்ச விலை கிடைச்சிடாது. மணத்தை மதிப்பிட முகர்ந்து பார்க்கும் அனுபவசாலி இப்பவும் வேணும். ஆனா, பிசினே இல்லாத கட்டையை ரிப்போர்ட் காட்டிக்கொடுத்துடும்.

பணம் கட்டும் முன் கேளுங்க

கன்று விற்பவர் 'நாங்களே திரும்ப வாங்கிக்கிறோம்' என்றால், எந்தத் தரத்துக்கு என்ன விலை, யார் பரிசோதிப்பது என்று எழுத்தில் கேளுங்க. ஒரே ஒரு நல்ல சில்லை வைத்து தோட்டம் முழுக்க அப்படித்தான் என்று நம்பாதீங்க. பல மரங்களில் மாதிரி எடுக்கணும். அகில் இனங்கள் 'சைட்டிஸ்' ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், ஏற்றுமதிக்கு அனுமதி வாங்கணும். அந்தப் பொறுப்பு யாருடையது?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் வரலைன்னா, நீங்க வாங்கப்போறது திறக்காத சிப்பி!