கனமான அடுப்பும் அதன் அடித்தளமும்

2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் கடைசி வாரம். ஆண்டுக் கணக்கு முடிப்பின் நெருக்கடியில் எங்கள் குர்லா கிளை மூழ்கியிருந்த ஒரு பிற்பகலில், நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் என் மேசைக்கு எதிரே வந்து அமர்ந்தார். திருநெல்வேலி மாவட்டத்துக்காரர். குர்லா மேற்கில் பதினெட்டு ஆண்டுகளாகச் சிறிய உணவகம் நடத்தி வருபவர். கிளையில் அனைவருக்கும் அவர் அண்ணாச்சிதான். அன்று அவர் கையில் பளபளப்பான விளம்பர ஏடு ஒன்று இருந்தது. அதன் அட்டையில், பெரிய முட்டையைப் போன்ற வடிவில், மூடியுடன் கூடிய கருஞ்சிவப்பு நிறப் பீங்கான் அடுப்பு.

“சார், மொட்டை மாடியில இதை வச்சு, மீனும் கோழியும் சுட்டு, சாயங்கால வியாபாரம் தொடங்கலாம்னு பார்க்கேன். லோன் ஆகுமா?”

விலைப்புள்ளியைப் பார்த்தேன். அடுப்பு மட்டும் இரண்டு லட்சத்தை நெருங்கியது. செங்கல் மேடை, மேலே கிரானைட் பலகை, தகரக் கூரை, மேசை நாற்காலிகள் எல்லாம் சேர்த்து நான்கு லட்சம். முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் 5 லட்சம் வரையிலான கடன் ‘கிஷோர்’ பிரிவில் வரும். சொத்துப் பிணையம் தேவையில்லை. அவருடைய பழைய கடன்கள் ஒரு தவணையும் தவறாமல் அடைக்கப்பட்டவை. உதயம் பதிவும் வருமான வரிக் கணக்கும் ஒழுங்காக இருந்தன. தம் பங்குத் தொகைக்காக மனைவியின் வளையல்களை அடகு வைக்கவும் அவர் தயாராக இருந்தார். காகிதங்களை மட்டும் பார்த்திருந்தால் அரைமணி நேரத்தில் கையெழுத்திட்டிருக்கலாம்.

அப்படிக் கையெழுத்திட்ட அனுபவமும் எனக்கு உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில், ஒரு பேக்கரியின் மின்சார அடுப்புக்கு விலைப்புள்ளியை மட்டும் படித்துவிட்டுக் கடன் வழங்கினேன். அடுப்பு வந்து இறங்கியது. அதை இயக்கும் மும்முனை மின் இணைப்பு அந்தக் கடைக்கு இல்லை. இணைப்பு கிடைக்க மாதங்கள் ஆயின. தவணையோ அடுத்த மாதமே தொடங்கிவிட்டது. குளிர்ந்து கிடந்த அடுப்புக்கு அந்த இளைஞர் வட்டி கட்டிய கணக்கேட்டுப் பக்கம் இன்றும் என் நினைவில் இருக்கிறது. தவறு என்னுடையது. அதன்பின், இடத்தைப் பார்க்காமல் அடுப்புக் கடன் எதிலும் நான் கையெழுத்திடுவதில்லை. “நாளை மாலை வருகிறேன், அண்ணாச்சி” என்று சொல்லி அனுப்பினேன்.

இந்த முட்டை வடிவ அடுப்பின் பூர்வீகம் ஆசியாவே. ஜப்பானிய மொழியில் ‘கமாடோ’ என்றால் சமையல் அடுப்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் இருந்த அமெரிக்கப் படைவீரர்கள் இவ்வகை மண் அடுப்புகளைத் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றனர். 1974இல் அட்லாண்டா நகரில் இதற்கெனவே ஒரு நிறுவனம் தோன்றியது. விரிசல் விடும் களிமண்ணுக்குப் பதிலாகக் காலப்போக்கில் உறுதியான பீங்கான் வந்தது. நம் தந்தூர் இதற்கு நெருங்கிய உறவு. சிந்துவெளி நாகரிகத்தின் காலிபங்கனிலேயே அதை ஒத்த களிமண் அடுப்புகள் கிடைத்துள்ளன. நம் வீடுகளில் பாட்டிமார் கரியிட்டு மூட்டிய குமுட்டி அடுப்பையும் இந்தக் குடும்பத்தில் சேர்த்துக்கொள்வதில் பிழையில்லை என்பது என் கட்சி.

வேலை செய்யும் முறை எளிது. தடித்த பீங்கான் சுவர் வெப்பத்தை உள்வாங்கி வைத்துக்கொள்கிறது. அடியில் ஒரு காற்று வாய், மூடியின் உச்சியில் ஒரு காற்று வாய். இரண்டையும் குறுக்கினால் தீ அடங்கும், விரித்தால் எழும். குறைந்த கரியில் பல மணி நேரம் சமைக்க முடிவது இதனால்தான். அந்தத் தடித்த சுவர்தான் கனத்துக்கும் காரணம். பெரிதும் விற்பனையாகும் நடுத்தர அளவு அடுப்பொன்றின் எடை சுமார் 73 கிலோ. அதற்கு அடுத்த பெரிய அளவு ஏறத்தாழ 100 கிலோ.

மறுநாள் மாலை மொட்டை மாடியில் நின்றோம். மித்தி ஆற்றிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், நான்கு மாடிகள் கொண்ட பழைய கட்டடம். கைப்பிடிச் சுவரோரமாகச் சுண்ணாம்புக் கோடு கிழித்து மேடைக்கு இடம் குறித்து வைத்திருந்தார். நீளம் 5 அடி, அகலம் 2½ அடி, உயரம் 2½ அடி. “அடுப்பு ஒரு ஆள் கனம்தானே சார், தாங்காதா?” என்றார்.

அடுப்பைத் தாங்கும், மேடையைத் தாங்குமா என்பதே கேள்வி. அங்கேயே கைப்பேசியில் கணக்குப் போட்டேன். அந்த அளவுள்ள கெட்டியான செங்கல் மேடையின் கன அளவு 31 கன அடிக்குச் சற்று மேல். செங்கல் கட்டுமானம் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1,900 கிலோ. ஆக மேடை மட்டும் ஏறத்தாழ 1,700 கிலோ. மேலே பரப்பும் கிரானைட் பலகையே 60 கிலோவைத் தொடும். நடமாட்டம் உள்ள மொட்டை மாடிக்கு நம் நாட்டின் கட்டட விதித்தொகுப்பு கொள்ளும் சுமை, சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுதான். இந்த மேடை தான் நிற்கும் இடத்தில் அதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு சுமையை இறக்குகிறது. வணிகவியல் பட்டதாரியான நான் பொறியாளன் அல்லேன். ஆயினும் பத்து மடங்கு என்பதைப் புரிந்துகொள்ள அந்தப் படிப்பே போதும். உண்மையில் எது தாங்கும் என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர்தான் எழுத்தில் தர வேண்டும். மும்பையில் 30 ஆண்டு கடந்த கட்டடங்களுக்குக் கட்டமைப்புத் தணிக்கை சட்டப்படி கட்டாயம். அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

அடுத்து, மாடியின் தோல். மும்பை மொட்டை மாடிகள் பலவற்றிலும் உடைந்த செங்கற்களைப் பரப்பி, கலவை பூசி, சாய்வு கொடுத்து மழைநீர்க் காப்பு செய்திருப்பார்கள். பிரிக்பேட் கோபா என்பார்கள். கூரையின் கால்களுக்காக அதில் நான்கு துளைகள் இட்டால் போதும், ஜூன் மாதத்தில் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். மேலும் அந்த மாடி அண்ணாச்சிக்குச் சொந்தமுமன்று. வீட்டுவசதிச் சங்கத்தின் பொது இடம். செயலாளர் வாய்மொழியாகச் சரி என்றிருந்தார். பொதுக்குழுத் தீர்மானம் இல்லாத வாய்மொழியை எந்த வங்கியும் கோப்பில் சேர்க்க இயலாது.

இவை எல்லாவற்றையும் ஒருவாறு சரிசெய்திருக்கலாம். எதனாலும் சரிசெய்ய முடியாத ஒன்று கீழே படியிறங்கும்போதுதான் பேச்சில் வந்தது: கரி. மும்பையின் காற்று மாசு குறித்த வழக்கில், 2025 ஜனவரி 9 அன்று பம்பாய் உயர்நீதிமன்றம், விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகளும் அவை போன்ற தொழில்களும் ஆறு மாதத்துக்குள் எரிவாயு முதலிய தூய எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. விறகு, கரி அடுப்புகளுக்குப் புதிய அனுமதி தரக்கூடாது என்றும் கூறியது. பிப்ரவரியில் கரித் தந்தூர் வைத்திருந்த உணவகங்களுக்கு மாநகராட்சி அறிவிக்கைகளை அனுப்பத் தொடங்கியிருந்தது. இந்த நிலையில் கரியால் மட்டுமே எரியும் புதிய அடுப்புக்கு நான்கு லட்சம் கடன் கொடுப்பதென்பது, மூட்ட முடியாத அடுப்புக்குத் தவணை கட்டச் சொல்வதாகும். விளம்பர ஏட்டில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

அண்ணாச்சி நெடுநேரம் பேசவில்லை. கடையில் தேநீர் வரவழைத்தார். குடித்து முடித்தபின், “அப்போ கடைக்குப் பின்னால என்ன செய்யலாம், சார்?” என்றார். அந்த ஒரு கேள்விதான் கோப்பைக் காப்பாற்றியது.

கடையின் பின்புறம், அவருடைய குத்தகைக்குள் அடங்கிய சிறிய திறந்த முற்றம். அங்கே எரிவாயுவில் இயங்கும் தந்தூர் ஒன்றும், சுடுவதற்கான கம்பி அடுப்பொன்றும் வைக்கலாம் என்று முடிவாயிற்று. செங்கல் மேடைக்குப் பதில் இரும்புக் கோணச் சட்டம், சுவர் முழுக்க எளிதில் எரியாத சிமெண்ட் பலகை, புகைபோக்கி. வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ உருளையைக் கடையில் பயன்படுத்தக் கூடாது. வணிக உபயோகத்துக்கு 19 கிலோ உருளை, அல்லது குழாய்வழி எரிவாயு. உருளை வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். ஆகவே முற்றத்தின் மூடிய பள்ளமான மூலையில் உருளையை வைக்க அவர் போட்டிருந்த திட்டத்தை மாற்றினோம்.

தரைமட்டத்தை ஒன்றரை அடி உயர்த்தச் சொன்னதற்கு மட்டும் அவர் தயங்கினார். செலவு கூடும் என்றார். 2005 ஜூலை 26ஐ நினைவூட்டினேன். அன்று ஒரே நாளில் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மித்தி கரை மீறியது. குர்லாவில் அதன் நினைவில்லாத பழைய கடை இல்லை. சுட்ட மண்ணாலான எதுவும் நீரைக் குடித்த ஈரத்தோடு வேகமாகச் சூடேறினால், உள்ளே உண்டாகும் நீராவியே அதைப் பிளந்துவிடும். தந்தூரின் உட்பானைக்கும் இது பொருந்தும், பீங்கான் முட்டைக்கும் பொருந்தும்.

திருத்திய மதிப்பீடு 2,60,000 ரூபாய். இம்முறை அடித்தளம், சட்டம், புகைபோக்கி, எரிவாயு இணைப்பு ஆகியவற்றையும் தனித்தனி இனங்களாக எழுதினோம். இயந்திரத்தின் விலையை மட்டும் காட்டிக் கடன் கேட்பவர்கள் மற்றச் செலவுகளுக்குக் கைமாற்று வாங்க நேர்கிறது. அந்தக் கைமாற்றின் வட்டிதான் தொழிலை முதலில் கடிக்கிறது. தொகையை விற்பனையாளருக்கு நேரடியாக அனுப்பினோம். வேலை முடிந்து வியாபாரம் தொடங்கும்வரை மூன்று மாதம் தவணை விடுப்பும் கொடுத்தோம். வளையல்கள் வீட்டுப் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை.

அந்த ஆண்டு மழைக்காலம் முடிந்து அவரைச் சந்தித்தபோது, முற்றத்து மேடையில் நீர் தொட்டுச் சென்ற கறையைக் காட்டினார். மேல்விளிம்புக்கு நான்கு விரற்கடை கீழே. பிறகு மேசை இழுப்பறையிலிருந்து அதே விளம்பர ஏட்டை எடுத்தார். “ஊர்ல வீடு கட்டுகேன், சார். பின்கட்டுல இதுக்கு இடம் விட்டிருக்கேன். அங்கயாவது வைக்கலாமா?”

சொந்த மண்ணில், சொந்த வீட்டுக்கு என்றால் தாராளமாக வைக்கலாம். மேல்மண்ணை அரையடி எடுத்துவிட்டு, சரளை கொட்டி இடித்து, கம்பி வலையுடன் 4 அங்குலக் கான்கிரீட் போட்டால் செங்கல் மேடையும் தாங்கும். மழைநீர் வடியச் சிறு சாய்வு வேண்டும். ஓலைக் கொட்டகைக்குக் கீழே வைக்கவே கூடாது. மரமேசையில் பொருத்துவதானால், அடுப்புக்கும் மரத்துக்கும் இடையே கெட்டியான கல்பலகை அவசியம். தூக்கி வைக்கும்போது மூடியையும் உள்ளுறுப்புகளையும் கழற்றிவிட்டு இருவராகத் தூக்க வேண்டும். பக்கப் பலகைகளைப் பிடித்துத் தூக்கியவர்கள் பலகையோடு நின்றிருக்கிறார்கள். முதல் சில முறை சிறுதீ மட்டும். மண்ணெண்ணெய் ஊற்றி மூட்டினால் பீங்கான் அந்த வாடையைப் பிடித்துக்கொண்டு மீனுக்குத் தரும். கரிக்குத் தென்மாவட்டங்களில் குறைவில்லை. சீமைக் கருவேலக் கரியும் சிரட்டைக் கரியும் கிடைக்கும். எரியும்போது மூடியை ஒரேயடியாகத் திறக்காமல் முதலில் இரண்டு விரல் அளவு தூக்கிப் பிடிக்க வேண்டும். இல்லையேல் புதுக்காற்று பாய்ந்து தீ முகத்தில் சீறும். அடைத்த வராந்தாவிலோ அறையிலோ கரி மூட்டுவது உயிருக்கே ஆபத்து. கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத கார்பன் மோனாக்சைடு அங்கே தேங்கும்.

“இதுக்கும் லோன் போட்டுருவோமா?” என்று கேட்டார். வருமானம் தராத பொருளுக்கு வட்டி கட்ட வேண்டாம், அண்ணாச்சி என்று சொல்லி, தொடர் வைப்புப் படிவத்தை நீட்டினேன். மாதம் 8,000 ரூபாய், 24 மாதம். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் முதல் தவணை வரவாயிற்று.