உடலின் எழுத்து – 9: தண்ணீரால் வந்ததா, வம்சத்தில் வந்ததா?

தென்காசிப் பக்கம் ஒரு பிள்ளையின் பல் மஞ்சளாக, காவியேறி இருந்தால் இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று ஊர்த் தண்ணீர். இன்னொன்று பிள்ளையின் சோம்பல். “ஏல, பல்ல ஒழுங்கா வெளக்குனா என்ன?” என்ற ஏச்சு தினமும் விழும்.

தண்ணீரைச் சந்தேகப்படுவதில் நியாயம் உண்டு. பக்கத்து மானூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரின் ஃபுளோரைடால் பற்கள் கறைபடுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியில்லாவிட்டால் 1.5 மில்லிகிராம் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆனால் எல்லாப் பழியையும் தண்ணீர் மேல் போட்டால், மரபணுப் பிழையோடு பிறந்த பிள்ளை கவனிப்பாரில்லாமல் போகும். அந்தக் குறைக்கு அமெலோஜெனெசிஸ் இம்பெர்ஃபெக்டா என்று பெயர்.

இதில் கெடுவது பல்லின் மேலுறையான எனாமல். அதன் எடையில் சுமார் 96 சதவீதம் தாதுப்பொருள். எனாமலை உருவாக்கும் செல்கள் முதலில் அமெலோஜெனின், எனாமலின் போன்ற புரதங்களைச் சுரக்கின்றன. சென்ட்ரிங் அடித்துக் காங்கிரீட் போட்டு, இறுகும்போது பலகையைப் பிரிப்பதுபோல, படிகங்கள் வளர வளர அந்தப் புரதம் அகற்றப்படுகிறது. பிரிக்கும் வேலை எம்.எம்.பி.20, கே.எல்.கே.4 என்ற இரண்டு நொதிகளுடையது. அமெலோஜெனின், எனாமலின் மரபணுக்களில் பிழை என்றால் பெரும்பாலும் எனாமல் மெலிந்துவிடும். கே.எல்.கே.4 பிழை என்றால் கனம் சரியாக இருக்கும். உள்ளே புரதம் தங்கி, மிருதுவாகித் தேயும். பல் முளைத்ததும் அந்தச் செல்கள் அழிந்துவிடுவதால், எனாமல் மறுபடி வளராது.

போன வாரம் பார்த்த எக்ஸ் குரோமோசோமின் கதை இங்கே கண்ணுக்கே தெரியும். அமெலோஜெனினின் முக்கிய மரபணு அதில்தான் இருக்கிறது. பிழையுள்ள எக்ஸ் ஒன்றைப் பெற்ற பெண்ணின் பல்லைக் கிட்டத்தில் பார்த்தால், மேலிருந்து கீழாக நல்ல எனாமல் ஒரு கோடு, மெலிந்தது ஒரு கோடு என்று மாறி மாறி ஓடும். ஒவ்வொரு செல்லும் இரண்டு எக்ஸில் ஒன்றை அணைத்துவிடுவதன் தடம் அது. அவருடைய மகனுக்கு அந்தப் பிழை வந்தால் பல் முழுக்கப் பாதிக்கும்.

எனாமல் மெலிந்தால் அதனடியில் உள்ள டென்டினின் நுண்குழாய்கள் வழியே குளிர் நரம்பை எட்டும். சீசனில் குற்றாலத்து அருவியில் மற்ற பிள்ளைகள் வாயைத் திறந்து கூச்சல் போடும்போது, இந்தப் பிள்ளை உதட்டை இறுக்கிக்கொள்ளும். பிரஷ் பட்டாலே கூசுவதால் சரியாகத் தேய்க்காது, கறை கூடும். ஏசுகிறவர்கள் விளைவைக் காரணமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

வேறுபாட்டைக் கண்டுகொள்ள வழி இருக்கிறது. ஃபுளோரைடு கறை ஒரே தண்ணீரைக் குடிக்கும் பல வீட்டுப் பிள்ளைகளிடம், பெரும்பாலும் நிலைப் பற்களில் தெரியும். மரபணுக் குறை ஒரு குடும்பத்துக்குள் ஓடும். பொதுவாகப் பால் பற்களிலேயே தொடங்கிவிடும். ஆகவே பால் பல் முளைக்கும்போதே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பால் கடைவாய்ப் பற்களுக்கு ஸ்டீல் கேப் போட்டால் தேய்மானம் நிற்கும். பிள்ளை வலியில்லாமல் மெல்லும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஃபாம்20ஏ என்ற மரபணு பழுதானால் எனாமல் கெடுவதோடு ஈறு தடிக்கும், பற்கள் முளைக்காமல் நிற்கும், சிறுநீரகத்தில் கால்சியம் படியும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு வயிற்று ஸ்கேன் அவசியம். தாயும் தகப்பனும் ஆளுக்கொரு பழுதான பிரதியைச் சுமந்தால்தான் இது வரும்; ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டும் குடும்பங்களில் இருவரும் ஒரே பிழையைச் சுமக்கும் சாத்தியம் கூடுதல். பெண் பார்க்கும் முன் அந்தக் குடும்பங்கள் எந்தெந்த நோய்களைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)