கவந்தியில் தைத்த ஆப்பிரிக்கா

கவந்தி என்பது பழைய சேலை, சட்டைத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைக்கும் போர்வை. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கத்துக் காட்டோர ஊர்களில் சித்தி இனப் பெண்கள் இதைத் தைக்கிறார்கள். அந்தியூரிலிருந்து பர்கூர் மலையைத் தாண்டினால் கர்நாடகம் வந்துவிடுகிறது. அதே மாநிலத்தின் வடமேற்கு மூலையில் ஆப்பிரிக்க வழித்தோன்றல்களான இந்தச் சித்திகள் பல தலைமுறையாக வாழ்வது கொங்குப் பக்கத்தில் அதிகம் பேசப்பட்டதில்லை.

இந்தியச் சித்திகளின் முன்னோர் அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் கடலோடிகளாகவும் வந்தவர்கள். எத்தியோப்பியாவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, பின்னாளில் அகமதுநகர் ஆட்சியையே நடத்திய மாலிக் அம்பர் (1548–1626) அவர்களில் புகழ்பெற்றவர். உத்தர கன்னடத்துச் சித்திகளில் பலர், கோவாவில் போர்த்துகீசியரின் அடிமைத்தளையிலிருந்து தப்பிக் காட்டுக்குள் புகுந்தவர்களின் வழியினர். 2003இல்தான் இவர்கள் பட்டியல் பழங்குடியினர் ஆனார்கள்.

தாய்நாட்டு மொழி போய்விட்டது, கைப்பழக்கம் போகவில்லை. கவந்திக்கு முன்கூட்டி வரைந்த மாதிரி கிடையாது. ஓரத்தில் தொடங்கும் ஊசி, விளிம்பைச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருகிறது. தையல் வெளியே தெரியும், அதுவே அழகு. நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணியால் பூ வைத்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. பூ இல்லாத கவந்தியை உடுப்பில்லாத உடம்பாகவே பார்க்கிறார்கள். பாட்டியின் சேலை கொங்கு வீடுகளில் பேரனுக்குத் தூளியாவதுபோல, அங்கே அது பிள்ளைக்குப் போர்வையாகிறது.

குஜராத்திலும் சித்திகள் வாழ்கிறார்கள். அங்கே பரூச் அருகே ரத்தன்பூரில் இருக்கும் பாவா கோர் தர்கா, சித்திகளின் மூதாதைப் புனிதர் அடங்கிய இடம். மனக்கலக்கம் கொண்டவர்களைப் பல மதத்தாரும் ஆறுதல் தேடி இங்கே அழைத்து வருகிறார்கள். அடிமைகளாக வந்தவர்களின் பிள்ளைகளிடம் மற்றவர்கள் நலம் வேண்டி நிற்கும் இந்தக் காட்சியைவிடப் பெரிய மரியாதை அந்தச் சமூகத்துக்கு வேறு எங்கும் கிடைத்ததாகத் தெரியவில்லை. அவர்களின் கோமா ஆட்டத்தில், மேலே எறிந்த தேங்காய் ஆடுபவரின் தலையில் விழுந்து உடைகிறது. சுவாகிலியில் முரசைக் குறிக்கும் ‘ங்கோமா’ என்ற சொல்லே இந்தப் பெயரின் வேர்.

அவர்கள் வாசிக்கும் வில்வடிவ ‘மலுங்கா’ வாத்தியம், பிரேசிலுக்குக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்களின் ‘பெரிம்பாவ்’ என்ற இசைக்கருவிக்கு உறவு.

ஆப்பிரிக்கர் வரலாற்றுக்கென்றே நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இயங்கும் ஷாம்பர்க் மையம், கவந்திகளை 2011இல் காட்சிக்கு வைத்தது. இந்தியாவில் ஆப்பிரிக்கர் வரலாறு பற்றி அந்த மையம் 2013இல் அமைத்த கண்காட்சி மறு ஆண்டு டில்லிக்கும் வந்தது. வீட்டுப் பரணில் மடித்துக் கிடந்ததைச் சுவரில் மாட்டிப் பார்த்தபோதுதான் அது கலை என்று வெளியுலகம் ஒப்புக்கொண்டது.

இந்தியாவில் மட்டுமல்ல, இலங்கையின் புத்தளத்திலும் பிரிட்டிஷ் படையில் இருந்த ஆப்பிரிக்கர்களின் வழிவந்தோர் வாழ்கிறார்கள். அவர்களின் மூத்தோர் பேசிய போர்த்துகீசியக் கலப்புமொழி அன்றாடப் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. தேங்காய்ச் சிரட்டையும் கரண்டியும் கண்ணாடிப் போத்தலும் தாளமிட அவர்கள் பாடும் ‘மஞ்சா’ பாட்டில் மட்டும் அது நிற்கிறது.