வண்டி தந்தார்கள்; வழி?

வைகறையில் யானைக்கல் அருகே நின்று பாருங்கள். 1889-இல் திறக்கப்பெற்ற ஆல்பர்ட் விக்டர் பாலத்தின்மீது, தூக்குவாளி தொங்கும் மிதிவண்டிகள் பேருந்துகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஊர்கின்றன. கொத்தனார்களும் கடைச் சிப்பந்திகளும் வேலைக்கு வரும் நேரம் அது.

மிதிவண்டியை அரசு மறந்ததென்று கூற இயலாது. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆட்சியர் ஷீலாராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். பின்னர் 11-ஆம் வகுப்பு மாணவ மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டிகளும் வந்தன. மிதிவண்டித் தடங்கள் வேண்டுமென 2006-இன் தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கையும் உரைத்தது. ஆயினும் மதுரையில் 2023-இல் திறக்கப்பட்டது, நத்தம் சாலையில் 7.3 கிலோமீட்டர் நீள மேம்பாலமே!

“மாசி வீதிகளில் நடக்கவே இடமில்லை, தனித்தடம் இட்டால் அதிலும் கடை போடுவார்கள்” என்கின்றனர் எதிர்ப்போர். பழைய நகருக்கு அது மெய்தான், மறுக்கமாட்டேன். ஆனால் மேலூர், திருமங்கலம் சாலைகள் அத்தகையன அல்லவே! அகலப்படுத்தும்போதே இரண்டு மீட்டர் ஒதுக்குவது எளிது. பின்னர் இடித்து ஒதுக்குவதே பெருஞ்செலவு.

லாரிகளுக்கு அஞ்சி, மகளுக்குக் கிடைத்த மிதிவண்டியைத் திண்ணையில் சாத்திவிட்டு அவளைப் பேருந்தில் அனுப்பும் தாயார் ஒருவரை அறிவேன். சக்கரங்களில் இன்னும் கடைப்புழுதிகூடப் படவில்லை.