மூத்தோர் விளையாட்டுக்கு ஆயத்தமாதல்

சவளக்கடைச் சந்தியிலுள்ள தேநீர்க் கடை ஒன்றிலே, நம் கல்லூரியின் பழைய மாணவர் மூவரோடு ஒரு மாலைப்பொழுதில் உரையாடிக்கொண்டிருந்தேன். மூவரும் ஐம்பதை அண்மியவர்கள். "அடுத்த முறை மாஸ்டர்ஸ் போட்டிக்குக் கொழும்புக்குப் போவோம் என்று யோசிக்கிறோம், சேர்" என்றார் ஒருவர். அருகில் அமர்ந்திருந்த வயோதிபர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அது மாஸ்டர்மாருக்கு வைக்கிற போட்டிதானே, மகன்? உங்களுக்கு அதில என்ன வேலை?" என்று கேட்டார். கடையிலிருந்தோர் யாவரும் நகைத்தனர். ஆசிரியரை மாஸ்டர் என்றழைத்துப் பழகிய நம் நாட்டிலே அவர் கேட்டதில் பிழையொன்றுமில்லை. ஆதலின் அச்சொல்லை விடுத்து, 'மூத்தோர் விளையாட்டு' என்றே இக்கட்டுரையில் வழங்குவேன்.

முப்பத்தைந்து வயதைக் கடந்தோர் தம் வயதினரோடு மாத்திரம் பொருதும் போட்டி இது. மெய்வல்லுநர் நிகழ்ச்சிகளிலே 35 முதல் 39 வரை, 40 முதல் 44 வரை என ஐந்தைந்து ஆண்டுகளாக வகுப்புகள் பிரிக்கப்பட்டுள்ளன. உலக மூத்தோர் மெய்வல்லுநர் போட்டி முதன்முதலாக 1975இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் நடைபெற்றது. பத்தாண்டு கழித்து, 1985இல், அதே நகரிலே நீச்சல், பந்தாட்டம் முதலிய பல விளையாட்டுக்களையும் ஒருங்கு சேர்த்து உலக மூத்தோர் விளையாட்டு விழா தொடங்கிற்று. அது 2025இல் தாய்வானின் தாய்பே நகரில் நடந்தேறியது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர்க்கென 1987இல் சென்ற் லூயிஸ் நகரில் ஆரம்பமான அமெரிக்கத் தேசிய விழாவும் உண்டு. நம் நாட்டில் இவற்றுள் நன்கு வேரூன்றியிருப்பது மெய்வல்லுநர் போட்டியே. தேசியப் போட்டிக்குப் பல மாவட்டங்களிலிருந்தும் மூத்தோர் செல்கின்றனர்.

நம் பகுதியார்க்கு இதில் ஒரு தனி நியாயம் உண்டு. 1958இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவிலே உயரம் பாய்தலில் தங்கப் பதக்கம் வென்றவர் யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். அவர் காலத்தில் தமிழ்ப் பாடசாலை மாணவனொருவன் கொழும்புக்குச் சென்று பாய்ந்துவிட்டு ஊர் திரும்புவது இயல்பான காரியமாயிருந்தது. 1983க்கும் 2009க்கும் இடையே பள்ளிப் பருவத்தைக் கழித்தோர்க்கு அஃது இயல்பாயிருக்கவில்லை. 1990இல் இக்கரையோரத்துத் தமிழரும் முஸ்லிம்களும் பட்ட துயரை ஈண்டு விரிக்க வேண்டியதில்லை. வட்டாரப் போட்டியில் வென்றவன் மாகாணப் போட்டிக்குப் போகவில்லை. போக வழியிருந்த ஆண்டிலும் பெற்றோர் விடவில்லை. பின்னர் 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. அன்று ஓடாது விட்டவர்களே இன்று நாற்பத்தைந்து, ஐம்பது, ஐம்பத்தைந்து வயதினராக நம்மிடையே உள்ளனர். அடைபட்டதென்று அவர்கள் எண்ணியிருந்த கதவொன்று மீண்டும் திறந்திருக்கிறது. 2023இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்த மூத்தோர் போட்டியிலே முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மையார் தமது 72ஆம் வயதில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கம் வென்று, 800 மீற்றரில் வெண்கலமும் பெற்றதை யாவரும் அறிவர். அச்செய்தியைப் படித்த பின்னர்தான் தேநீர்க் கடை நண்பர்களுக்கு இவ்வெண்ணம் உதித்ததாம்.

தமிழாசிரியனுக்குத் தேகாப்பியாசத்தில் என்ன அதிகாரம் என்று கேட்பார் கேட்கலாம். பட்டவன் என்ற அதிகாரம் ஒன்றே எனக்குண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பழைய மாணவர் ஒன்றுகூடலொன்றிலே நூறு மீற்றர் ஓட்டத்தில் கலந்துகொண்டேன். அதற்கு முன் நான் செய்த பயிற்சி, சப்பாத்து வாங்கியது ஒன்றே. அறுபது மீற்றர் வரை முன்னணியில் இருந்தேன். பின் தொடையிலே யாரோ கல்லால் எறிந்ததுபோன்ற ஓர் அடி. திரும்பிப் பார்த்தால் எறிந்தவர் எவருமில்லை. தசை கிழிந்திருந்தது. மூன்று மாதம் கதிரையில் அமர்ந்தவாறே இலக்கணம் கற்பித்தேன். மாணவர் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டனர்; அதுதான் பெருந்துன்பம்.

அன்று நிகழ்ந்தது யாதெனப் பின்னர் வைத்தியரிடமும் நூல்களிலும் அறிந்துகொண்டேன். உடலின் உறுப்புக்கள் யாவும் ஒரே கதியில் பயிற்சியை ஏற்பனவல்ல. நெஞ்சும் நுரையீரலும் விரைந்து பழகும். பல்லாண்டு ஓடாதிருந்தவரும் ஆறு, எட்டு வாரம் ஒழுங்காக நடந்து மெல்லோட்டம் ஓடினால் மூச்சிரைப்பு வெகுவாகக் குறையக் காண்பார். தசை அதற்குப் பிந்தியே வலுப்பெறும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களோ, இரத்தவோட்டம் குறைந்தவை ஆதலின், வலுப்பெறப் பல மாதங்கள் வேண்டும். நம் வயற்கண்டத்து மொழியிற் சொன்னால், நெஞ்சு மூன்று மாதத்து நெல், தசைநாண் தென்னம்பிள்ளை. இரண்டையும் ஒரே நாளில் நட்டு ஒரே நாளில் அறுவடை செய்ய முயல்வதினாலேயே மூத்த விளையாட்டாளர் பெரும்பாலும் காயமுறுகின்றனர். இரண்டாம் மாதத்தில் மூச்சு தாராளமாக வரும். பழைய மிடுக்கு திரும்பிவிட்டதென்று மனம் சொல்லும். அன்றுதான் குதிநாண் வீங்கும். முழுவேகம் வேண்டுவது இந்த இரண்டாம் மாதத்து மயக்கத்திற்கு ஆட்படாதிருந்து காத்திருப்போர்க்கே கைகூடும்.

முப்பது வயதுக்குப் பின் தசையின் பருமன் சிறிது சிறிதாகக் குறைகிறது. அவற்றுள்ளும் விரைந்து சுருங்கும் இழைகளே முதலில் தேய்வன. ஆகையாலேயே நெடுந்தூரம் ஓடுபவரினும் குறுந்தூரம் ஓடுபவரே முதுமையின் சுமையை முந்தி உணர்கின்றனர். இத்தேய்வை மட்டுப்படுத்த வல்லது பாரப் பயிற்சி. இயந்திரங்கள் நிறைந்த பயிற்சி நிலையம் இதற்கு வேண்டுவதில்லை. கதிரையிலிருந்து கை ஊன்றாது எழுந்து அமர்தல், வாசற்படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை உயர்த்தி மிக மெதுவாகத் தாழ்த்துதல், அரைச்சாக்கு மணலைத் தூக்கி நடத்தல் ஆகிய மூன்றையும் வாரத்திற்கு இருமுறை செய்தால் பெரும்பயன் உண்டு. குதிகாலை மெதுவாகத் தாழ்த்தும் அப்பியாசம் குதிநாணுக்கு மருந்து போன்றது. என்னை மீண்டும் ஓடவைத்தது அதுவே.

இவ்வாறு வீட்டிலிருந்து செய்யத்தக்க பயிற்சியை நான் வற்புறுத்துவதற்கு நம் ஊரின் இருப்பும் காரணம். சவளக்கடையார் கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்திற்குச் செல்வதாயின் கிட்டங்கித் தாம்போதியைக் கடக்க வேண்டும். மாரியில் வெள்ளம் அதன்மேற் பாய்ந்தால் பயிற்சியும் நின்றுவிடும். கார்த்திகையிலும் மார்கழியிலும் ஓட்டத்தை நம்பியிருப்பவர் தையில் மீண்டும் அரிவரியிலிருந்து தொடங்குவார். வெள்ளம் நிற்கும் வயல்வரம்பில் வெறுங்காலுடன் ஓடுவதும் தகாது. எலிக்காய்ச்சல் பரவுவது அத்தகைய நீரினாலேயே. ஆனி, ஆடியிலோ கச்சான் காற்று வீசி உடலின் நீரை உறிஞ்சிவிடும். அக்காலத்தில் சுபஹுத் தொழுகை முடிந்து வருவோரும் கோயில் மணிக்கு எழுவோரும் வீதியிற் சந்திக்கும் வேளையே ஓட்டத்திற்கு உகந்தது. நோன்பு மாதத்தில் மெல்லிய பயிற்சியை நோன்பு துறப்பதற்குச் சற்று முன்னர் வைத்துக்கொள்ளலாம்; துறந்தபின் நீரும் உணவும் உடனே கிடைக்கும். கந்தசஷ்டி விரதம் பிடிப்போர்க்கும் இது பொருந்தும். கடும் பயிற்சியை இக்காலங்களில் ஒத்திவைப்பதால் நட்டமில்லை.

கடும் பயிற்சி வாரத்திற்கு இரண்டு நாட்களுக்கு மேல் வேண்டாம். இருபது வயதினன் ஒரே நாளில் ஆறிவிடும் களைப்பு, ஐம்பது வயதினர்க்கு இரண்டு, மூன்று நாள் நீடிக்கும். இடைப்பட்ட நாட்களில் நடக்கலாம், மிதிவண்டி ஓட்டலாம். கனடாவில் வாழ்ந்த எட் விட்லொக் என்பவர் 2003இல், தமது 72ஆம் வயதில், மரதன் ஓட்டத்தை மூன்று மணித்தியாலத்திற்குள் ஓடி முடித்தார். அவர் பயிற்சி செய்த இடம் தம் வீட்டருகே இருந்த இடுகாடு. அங்கே சிறிய பாதையில் சுற்றிச் சுற்றி, நாள்தோறும் மணிக்கணக்காக, மிக மெதுவாக ஓடினார். முழங்கால் நொந்தபோது மாதக்கணக்காக ஓய்ந்திருந்தார். மைதானமில்லை என்று முறையிடும் நம்மவர் இடுகாட்டுக்குப் போகவேண்டும் என்பது என் கருத்தன்று. எங்கே ஓடினார் என்பதினும் எத்துணை மெதுவாக ஓடினார் என்பதே கவனிக்கத்தக்கது.

இவையனைத்திற்கும் முன்னே செய்ய வேண்டியது வைத்திய பரிசோதனை. நீரிழிவும் இரத்த அழுத்தமும் இல்லாத வீடு நம் பகுதியில் அரிதாகிவிட்டது. நாற்பதைக் கடந்தவர், அதிலும் புகைப்பவரும் குடும்பத்தில் இதயநோய் உள்ளவரும், இரத்த அழுத்தம், குருதிச் சீனி, இதயத்துடிப்புப் பதிவு ஆகியவற்றைப் பார்த்த பின்னரே ஓட்டத்தில் இறங்க வேண்டும். நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்க்கு ஓட்டத்தின் நடுவே சீனி திடீரென இறங்கக்கூடும். வியர்வை, நடுக்கம், தலைசுற்றல் கண்டால் உடனே இனிப்பு உண்ண வேண்டும். ஆதலின் சட்டைப்பையில் சீனி உருண்டை இருத்தல் அவசியம். ஓடும்போது மார்பில் இறுக்கமோ, இடத்தோளுக்கும் தாடைக்கும் பரவும் வலியோ தோன்றினால் அன்றைய ஓட்டம் அத்துடன் முடிந்தது, அடுத்து வைத்தியசாலை. 'வாய்வுக் குத்து' என்று இஞ்சி குடித்துவிட்டு மீண்டும் ஓடப்போவது நம்மவர் வழக்கம். அவ்வழக்கம் உயிரை வாங்கும்.

நிகழ்ச்சிகளைத் தெரிவதிலும் ஆசை நம்மை ஏமாற்றும். படிவத்தைக் கண்டதும் 100, 200, நீளம் பாய்தல், குண்டு போடுதல், அஞ்சலோட்டம் என அனைத்திற்கும் பெயர் கொடுத்துவிடுவர். முதல் ஆண்டில் இரண்டே போதும். அவையும் ஒரே தசையை வருத்தாதவையாயிருத்தல் நன்று. வேகநடையும் குண்டு போடுதலும் புதியவர்க்கு ஏற்ற இணை. விதிகளும் மூத்தோர்க்கு இரங்குகின்றன. ஓட்டங்களில் குனிந்து புறப்படுதல் கட்டாயமில்லை, நின்றவாறே புறப்படலாம். ஆடவர் போடும் குண்டின் நிறை 49 வயது வரை 7.26 கிலோகிராம், 50இல் 6 கிலோவாகவும், 60இல் 5 கிலோவாகவும், 70இல் 4 கிலோவாகவும், 80இல் 3 கிலோவாகவும் குறையும். எந்த வகுப்பில் நிற்கப்போகிறோம் என்பதை அறிந்து அந்நிறையிலேயே பயில வேண்டும்.

உணவைப் பற்றி மிகுதியாகச் சொல்வதற்கில்லை. சோற்றைச் சிறிது குறைத்து மீன், முட்டை, கௌபி, பயறு, தயிர் ஆகியவற்றை மூன்று வேளைக்கும் பங்கிட்டுக்கொண்டால் போதும். கல்முனைக் கடலில் மீன் இருக்க, தகரப் பேணியில் விற்கும் மாவுக்குப் பணம் கொடுப்பானேன்?

கல்முனையிலிருந்து கொழும்புக்குச் செல்லும் பிரயாணமோ சிறு விடயமன்று. இரவு முழுதும் பஸ்ஸில் மடங்கியிருந்துவிட்டுக் காலையில் களத்தில் இறங்கினால், வீங்கிய காலும் விறைத்த இடுப்புமே மிஞ்சும். ஒருநாள் முந்திச் சென்று தங்க வேண்டும். சுகததாச அரங்கின் செயற்கை ஓடுபாதை நம் புற்றரையும் மணலும் போன்றதன்று; கெண்டைக்காலை வேறுவிதமாக இழுக்கும். இயன்றால் அதற்கு முன்னரே ஒருமுறை அத்தகைய பாதையில் ஓடிப் பார்த்தல் நலம். அங்கு ஆணிச் சப்பாத்தை முதன்முறையாக அணிவது வீண் வம்பு.

இறுதியாக, பிறப்புச் சான்றிதழ். வயதுப் போட்டியில் வயதுக்குச் சான்று இன்றியமையாதது. பஞ்சாபிற் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த பௌஜா சிங் 2011இல் ரொறன்ரோ மரதனை நூறு வயதில் ஓடி முடித்தார். அவரிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லாமையால் கின்னஸ் நிறுவனம் அச்சாதனையைப் பதிவு செய்ய மறுத்தது. இடம்பெயர்விலும் ஆழிப்பேரலையிலும் ஆவணங்களை இழந்தோர் நம்மிற் பலர். பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பிரதி பெறுவதைப் பயிற்சியின் முதல் மாதத்திலேயே முடித்துவிட வேண்டும்.

தேநீர்க் கடை நண்பர் மூவருள் ஒருவர்க்கு இவ்விடயத்தில் ஒரு சிக்கல். அவர் தாயாரின் கணக்குப்படி அவருக்கு இப்போது ஐம்பது. காலங்கடந்து பதிந்த சான்றிதழின்படி நாற்பத்தெட்டு. பள்ளி நாளில் பதினாறு வயதுக்குட்பட்டோர் பிரிவில் இரண்டாண்டு மேலதிகமாக ஓடியவர் அவர்; அன்று அந்த இரண்டாண்டு அவர்க்கு உதவிற்று. இன்று 6 கிலோக் குண்டைப் போட வேண்டியவர், 7.26 கிலோக் குண்டோடு மாலைதோறும் வளவில் நிற்கிறார். இரண்டாண்டு பொறுக்கலாமே என்றேன். "இனிப் பொறுக்க ஏலாது, சேர்" என்றார்.